பிஸ்மார்க் வேஷம் போட்ட சமாதானத் தூதர்

ஐரோப்பாவை ஆண்டவர்களில் என்னிடம் டிரைவிங் டெஸ்ட் பாஸ் ஆனவர்கள் ஆறேழு பேர் தேறுவார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஃபெயில். சில வருஷம் முன்பு வந்த ஒரு நவம்பர் மாதம் வரைக்கும் இதை நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் பெயர் ஹெரிபெர்ட் க்யூர்ட்டன். ஜெர்மனியில் ரைன் நதிப் பக்கம் கெர்ஸ்பாக் என்கிற சின்ன ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஊரில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். மீதிப் பேர் பக்கத்து ஊரில் கற்றுக்கொண்டார்கள், அது அவர்கள் வண்டி நிறுத்துகிற லட்சணத்திலேயே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் நேராகப் போவது மதுக்கடைக்கு. ஜன்னலோரத்து வட்ட மேஜை எங்களுடையது, வேறு யாரும் அதில் உட்கார முடியாது. பச்சை இறைச்சியும் வெங்காயமும் வைத்த பன்னும், சின்னக் கிளாஸில் பியரும் வரும். கூடவே ஐரோப்பாவின் தலைவிதியும் வரும். அதைத் தீர்மானிப்பது என் பொறுப்பு.

நான் தலைவர்களை எடைபோடுவது டிரைவிங் டெஸ்ட் முறையில். பிரெஞ்சு மந்திரி டாலிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவன் ராஜாவோ, புரட்சிக்காரனோ, நெப்போலியனோ, முன் சீட் அவருக்குத்தான். வண்டி கவிழ்கிற நேரத்தில் மட்டும் அவர் உள்ளே இருக்க மாட்டார். பாஸ். எங்கள் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் பிரேக்கை மறந்து ஹாரனை மட்டும் நம்பினார். ஃபெயில். பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், தப்பான பக்கத்தில் வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டார், வீட்டுக்கு வந்து ரோடு காலி என்று சொன்னார். ஃபெயில். முதல் போர் முடிந்து வெர்சாயில் கூடியவர்கள் வண்டி விலைக்கு மேல் அபராதம் போட்டுவிட்டு, தவணை ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். மொத்த வகுப்பும் ஃபெயில். எங்கள் மந்திரி ஸ்ட்ரெஸமானும் பிரான்ஸின் பிரியானும் ஒழுங்காகத்தான் ஓட்டினார்கள், பின்னால் வந்தவர்கள் பிரேக்கையே கழற்றிப் போட்டார்கள். எங்கள் அடெனவருக்கும் பிரான்ஸின் டி கோலுக்கும் அந்த வயதில் லைசென்ஸே கொடுத்திருக்கக் கூடாது. ஆனாலும் ரெண்டு பேரும் வண்டியை நிறுத்தி, இறங்கி, கை கொடுத்தார்களே, அதற்காக பாஸ். பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருக்கும் இன்றைய ஐரோப்பிய யூனியனைப் பற்றிக் கேட்டால், இருபத்தேழு பேர், இருபத்தேழு பிரேக், ஸ்டியரிங் ஒன்று. முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

என் செல்லப் பிள்ளை, ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க். மூன்று கண்ணாடியையும் பார்த்து ஓட்டத் தெரிந்த ஒரே ஆள். தனக்கப்புறம் ஓட்ட ஒருத்தனையும் பழக்கவில்லை என்பது மட்டும் குறை. எங்கள் ஊர் மாறுவேஷத் திருவிழாவான கார்னிவலில் வருஷா வருஷம் நான் போடுவது அவர் வேஷம்தான். நீல ராணுவக் கோட்டு, ஒட்டு மீசை, காகிதக் கூழில் செய்து கறுப்புப் பெயிண்ட் அடித்த கூர்முனை ஹெல்மெட்.

இத்தனை பேசுகிறவனின் சொந்த ராஜதந்திரம் எப்படி என்று கேட்பீர்கள். கடன் கொடுத்த ஓர் ஏணி விஷயமாக மைத்துனனோடு எனக்குப் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிச்செடி உயரம் பற்றிப் பேசப் போய், திரும்பி வரும்போது செடியும் இல்லை, சிநேகமும் இல்லை. என் மனைவி ஹில்ட்ரூட் சொல்வாள்: "இவருக்கு ரஷ்யாவோட சமாதானம் பண்ணத் தெரியும், ரயில்வே கேட் கீப்பரோட பண்ணத் தெரியாது." அந்தக் கேட் கீப்பர் கதை இங்கே வேண்டாம்.

எங்கள் ஊருக்கு பிரான்ஸில் ஒரு சகோதர ஊர் உண்டு, வில்லரோன். அடெனவர், டி கோல் என்ற அந்த இரண்டு கிழவர்கள் கை கொடுத்த பிறகு, ஊருக்கு ஊர் இப்படிக் கைகோத்துக்கொண்ட காலத்தில் வந்த உறவு. வருஷா வருஷம் மே மாதத்தில் அவர்கள் வருவார்கள், அல்லது நாங்கள் போவோம். ஒயின் குடிப்போம், மேயர்கள் தாளைப் பார்த்து உரை படிப்பார்கள், மறுபடி ஒயின் குடிப்போம். அங்கே நான் தங்குவது ஆர்மான் ப்ரூவோ வீட்டில், இங்கே அவன் தங்குவது என் வீட்டில். ஆர்மான் ரொட்டிக்கடை வைத்திருந்தவன், அந்த ஊர் உறவுக் குழுவின் தலைவன். என் பிரெஞ்சைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரே பிரெஞ்சுக்காரன் அவன்தான். மைத்துனனையும் பக்கத்து வீட்டையும் கழித்துவிட்டால் எனக்கு மிச்சமிருந்த ஒரே நண்பனும் அவன்தான். அதை நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் ஊர்க் குழுவின் தலைவி வேறு ஊருக்குக் குடிபோனதும், அந்த இடத்துக்கு ஆள் தேடினார்கள். கூட்டத்தில் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசாப்புக்கடை யூப் எழுந்தான். எங்கள் வட்ட மேஜைக்காரன், கார்னிவல் சங்கத் தலைவன், ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை.

"டாலிராண்டையே பாஸ் போட்ட மனுஷன் இங்க உக்காந்திருக்காரு. அப்புறம் எதுக்கு வெளிய தேடணும்? போடா ஹெரிபெர்ட், போய் ஐரோப்பாவக் காப்பாத்து!"

கேலிக்குச் சொன்னான். எல்லாரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். நான் மட்டும் அதை மக்கள் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த செப்டம்பரில் ஆர்மான் போன் பண்ணினான். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"ஹெரிபெர்ட், நிலைமை சரியில்லப்பா. எங்க கவுன்சில்ல இந்த உறவே வேணாம்னு பேசறாங்க. வருஷா வருஷம் அதே நரைச்ச தலைங்க, அதே ஒயின், எதுக்குன்னு கேக்கறாங்க. ஸ்பெயின்ல கடற்கரை ஊர் ஒண்ணு பாத்து வச்சிருக்காங்க. டிசம்பர்ல ஓட்டெடுப்பு."

"டிசம்பரா?"

"ஆமா. அதுக்குள்ள ஏதாவது பெருசா பண்ணு. மறுபடி ஒயின் மட்டும் வேணாம்."

இரண்டு நாள் யோசித்தேன். எங்களிடம் இருப்பதிலேயே பெரியது எது? கெர்ஸ்பாக்கில் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: பதினொன்றாம் மாதம், பதினொன்றாம் தேதி, பதினொன்று பதினொன்றுக்குச் சந்தைச் சதுக்கத்தில் கார்னிவல் பருவம் திறக்கிற நேரம். ஊரே கோமாளித் தொப்பியோடு நிற்கும். வெளியாட்களை நாங்கள் அதற்குக் கூப்பிட்டதே இல்லை. வீட்டு விசேஷம் மாதிரி அது. அதற்கே கூப்பிட்டுவிட்டால்? அன்று மாலையே ஆர்மானுக்குப் போன் போட்டேன்.

"நவம்பர் பதினொண்ணு. எங்க சதுக்கத்துக்கு வாங்க. பதினோரு மணிக்கு முன்னாடியே வந்துருங்க. நாங்க ஊரா உங்கள அழைக்கறோம்."

போனில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றுகொண்டான் போல.

"நெஜமாவா?" என்றான். "நீங்களா கூப்பிடறீங்களா? அந்த நாளைக்கா?"

"வேற எந்த நாளு?"

"எங்க பெரியவங்களையும் கூட்டிட்டு வரலாமா? கொடியோட?"

"கொடி இல்லாம எப்படி!"

"எங்க மேயரம்மா அன்னிக்கு ஊர விட்டு வெளிய போனதா சரித்திரமே இல்ல. ஆனா இதுக்கு வருவாங்க. நான் வரவைக்கறேன், ஹெரிபெர்ட். என் பேர வச்சு வரவைக்கறேன்."

எவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறான் என்று பூரித்துப்போனேன். பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான் என்று ஹில்ட்ரூடிடம் சொன்னேன்.

"வாரநாளாச்சே, அவங்களுக்கு வேலை இருக்காதா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு அங்க லீவாம். ஊர் மொத்தமும் நமக்காக லீவு போட்டிருக்கு பாரு!"

முதல் உலகப் போர் எந்தத் தேதியில் நின்றது என்று என்னைக் கேட்டிருந்தால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். 1918 நவம்பர் பதினொன்று, காலை பதினோரு மணி. கொம்பியேன் காட்டில் ரயில் பெட்டிக்குள் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது வரை எத்தனை ஞாயிறு மேஜையில் அடித்துச் சொல்லியிருக்கிறேன்! ஆனால் அந்தத் தேதி என் மண்டையில் சரித்திர அலமாரியில் இருந்தது. கார்னிவல் தேதி நாட்காட்டியில் இருந்தது. இரண்டும் ஒரே நாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிரான்ஸில் அன்றைக்கு ஒவ்வோர் ஊரிலும் நினைவுத்தூண் முன்னால் மேயர் நிற்பார், செத்தவர்கள் பெயரைப் படிப்பார்கள், பதினோரு மணிக்கு ஊர் மௌனமாகும். எங்களில் செத்தவர்களை நினைக்க வேறு ஒரு ஞாயிறு இருக்கிறது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதெல்லாம் மே மாதத்தில்தான். ஆர்மானுக்கு கார்னிவல் என்றால் பிப்ரவரி. ஆக, எதிரியின் பிள்ளைகள் தாங்களாகவே போர் நின்ற நாளுக்கு நம்மை அழைக்கிறார்கள் என்று வில்லரோன் நம்பிக்கொண்டிருந்தது. நானோ ஐம்பது பேருக்குப் பட்டாணி சூப் சொல்லிவைத்திருந்தேன்.

பதினொன்றாம் தேதி காலை வெயில் நன்றாக அடித்தது. சதுக்கத்தில் தேனீ வேஷக்காரர்கள், கடற்கொள்ளைக்கார வேஷக்காரர்கள், கன்னியாஸ்திரீ வேஷத்தில் தீயணைப்புப் படை. நான் ஹெல்மெட்டும் மீசையுமாக மேடைக்குக் கீழே நின்றேன். போலீஸ் ரோட்டை அடைத்திருந்ததால் பஸ் சுற்றிவந்து, பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் சேர்ந்தது.

கதவு திறந்தது. முதலில் இறங்கியவர் மேயர் மேடம் கூர்ட்டெல். கறுப்புக் கோட்டு, தோளிலிருந்து இடுப்புக்கு மூவர்ணப் பட்டை. அவருக்குப் பின்னால் மூன்று கிழவர்கள், அல்ஜீரியாவுக்குச் சண்டைக்குப் போய் வந்தவர்கள், நெஞ்சு நிறையப் பதக்கம், கையில் தங்க ஜரிகை வைத்த கொடிகள். அப்புறம் ஆர்மான், நீலப் பூ வைத்த பெரிய மலர்வளையத்தைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. எல்லாரும் கறுப்பு.

கூட்டம் ஒரு கணம் பார்த்தது. பிறகு கைதட்டியது.

"ஆஹா! ஆஹா!" யூப் மைக்கைப் பிடித்தான். "நம்ம வில்லரோன் நண்பர்கள் எழவு வீட்டு வேஷத்துல வந்திருக்காங்க! என்னா வேஷம்யா இது! இந்த வருஷம் முதல் பரிசு இவங்களுக்குத்தான்! போடுங்க ஒரு பாட்டு!"

பேண்டு வாத்தியம் வெடித்தது. பெரிய ஸ்ட்ராபெர்ரிப் பழமாக உடுத்தியிருந்த ஒரு அம்மாள் ஓடிவந்து, எங்கள் கார்னிவல் வழக்கப்படி மூத்த கொடிக்காரர் கஸ்தோன் கன்னத்தில் உதட்டுச்சாயம் பதிய முத்தம் கொடுத்தாள். யாரோ மேடம் கூர்ட்டெல் கையில் பியரைத் திணித்தார்கள். அவர் அந்தக் கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆர்மான் என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். கூர்முனை ஹெல்மெட்டிலிருந்து பூட்ஸ் வரைக்கும் பார்த்தான்.

அவன் முகத்தைப் பார்த்த அந்த நொடியில்தான் என் அலமாரியும் நாட்காட்டியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவன் காலடியில் தனி பிரேக் ஒன்று இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், சதுக்கத்துக் கல்தரையில் என் வலது கால் அதைத் தேடியது.

வேறு யாராவது இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? டாலிராண்டு பஸ்ஸில் ஏறிப் போயிருப்பார். நான் ஓடிப்போய் யூப் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். நல்ல உரை ஒன்று வரும் என்று நம்பினேன். இத்தனை வருஷம் அடுத்தவர்கள் உரையைத் திருத்தியவன் அல்லவா! "பரஸ்பர" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று வாய்க்குள் போனது.

"நிறுத்துங்க," என்றேன். "இது வேஷம் இல்ல. இவங்க ஊர்ல இன்னிக்கு செத்தவங்க நாள். நம்ம தாத்தாங்களும் இவங்க தாத்தாங்களும் ஒருத்தர ஒருத்தர் சுட்டுக்கிட்டது நின்ன நாள். அதுக்குத்தான் கூப்பிடறோம்னு நம்பி வந்திருக்காங்க. நான் மறந்துட்டேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. நான்தான் மறந்துட்டேன்." அதையே என் ஓட்டை பிரெஞ்சிலும் சொன்னேன்.

பேண்டு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது, டிரம் கடைசியாக. யூப் தொப்பியைக் கழற்றி என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். அவன் முகம் வெளுத்து நான் பார்த்ததில்லை.

மேடம் கூர்ட்டெல் பியர் கிளாஸை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"உங்க ஊர்ல செத்தவங்க பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

சர்ச் சுவரோரம் கல் ஒன்று இருக்கிறது. கையைக் காட்டினேன். காட்டின இடத்தில் பியர் வண்டிதான் தெரிந்தது. கல்லுக்கு முன்னால் நிறுத்திவைத்திருந்தோம், நிழலுக்காக.

"அத எடுக்கச் சொல்லுங்க."

வண்டிக்காரனைக் காணவில்லை, சாவி மட்டும் தொங்கியது. சரி, நமக்குத் தெரிந்த வேலை ஒன்றாவது வந்ததே என்று ஏறி உட்கார்ந்தேன். உள்ளே ஹெல்மெட் முனை கூரையில் குத்தி நசுங்கியது. மூன்று கண்ணாடியையும் பார்த்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க ரிவர்ஸ் எடுத்தேன். சர்ச் சுவரில் நல்ல நீளத்துக்கு ஒரு கோடு கிழித்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கெர்ஸ்பாக்கில் கார்னிவல் அன்று நான் பண்ணின காரியத்துக்குச் சிரிப்பு வராதது அதுதான் முதல் தடவை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

பதினோரு மணி அடித்தது. கொடிகள் தாழ்ந்தன. ஆர்மானும் மேயரம்மாவும் மலர்வளையத்தைக் கல்லின் காலடியில் வைத்தார்கள். தேனீக்களும் கொள்ளைக்காரர்களும் கன்னியாஸ்திரீகளும் தலை குனிந்து நின்றார்கள். கல்லில் க்யூர்ட்டன் என்று இரண்டு பெயர் இருக்கிறது, யூப் வீட்டுப் பெயர் நான்கு. பேண்டுக்காரர்களில் ஒருவன், யாரும் சொல்லாமலே, இறந்த வீரர்களுக்கு ஊதுகிற மெட்டை மெதுவாக ஊதினான். அந்த ஸ்ட்ராபெர்ரி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன். என்னுடையதில் பாதி வெட்கம்தான்.

நகர மன்றக் கடிகாரம் பதினொன்று பதினொன்றைக் காட்டியது. யாரும் கத்தவில்லை. என் ஆயுளில் அந்த நிமிஷம் சத்தமில்லாமல் போனதைப் பார்த்தது அப்போதுதான். பிரெஞ்சுக்காரர்கள் கொடிகளைச் சுருட்டி உறையில் போட்டார்கள், பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். சூப்பைப் பற்றிச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன், ஹில்ட்ரூட் என் கையைக் கிள்ளினாள். ஆர்மான் என்னைத் தாண்டிப் போனான். நான் கை நீட்டினேன். அவன் பார்க்காத மாதிரி போனான். பார்த்தான் என்று எனக்குத் தெரியும்.

மதியத்துக்கு மேல் யாரோ டிரம் தட்ட, ஊர் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அந்த நுணலாவது மைக்கில்லாமல் கெட்டது.

அதற்குப் பிறகு நான் போன் பண்ணவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். உடனே பேசினால் பலவீனமாகத் தெரியும், காயம் ஆறட்டும், முதல் சமிக்ஞை அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும் என்று கணக்குப் போட்டேன்.

"சமிக்ஞையாவது, மண்ணாங்கட்டியாவது!" என்றாள் ஹில்ட்ரூட். "போன எடு. 'ஆர்மான், என்னை மன்னிச்சுக்கோ'ன்னு சொல்லு. மூணு வார்த்தை."

"உனக்கு இதெல்லாம் புரியாது. இது நுட்பமான கட்டம்."

"ஆமாமா, ஏணி விஷயம்கூட இன்னும் நுட்பமான கட்டத்துலதான் இருக்கு!"

பயமாக இருந்தது, அவ்வளவுதான். எடுத்துப் பேசி, அவன் 'நீங்கள் யார்' என்கிற குரலில் பேசிவிட்டால்? போனை எடுப்பேன், பார்ப்பேன், வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைப் பக்கமும் போகவில்லை. டிசம்பர் பாதி ஆகிவிட்டது. மறுபடி ஒரு வருஷம், அப்புறம் இன்னொரு வருஷம் என்று இவனும் மைத்துனன் வரிசையில் போய்ச் சேருவான் என்று எனக்கே தெரிந்துபோயிற்று.

ஒருநாள் காலை, நான் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தபோது ஹில்ட்ரூட் போனைக் கொண்டுவந்து சோப்பு நுரையோடு இருந்த காதில் வைத்தாள்.

"ஓட்டெடுப்பு முடிஞ்சிருச்சு," என்றான் ஆர்மான்.

"ஸ்பெயினா?"

"இல்ல. நீங்கதான். ரெண்டே ஓட்டு வித்தியாசம்."

என்னால் நம்ப முடியவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"கஸ்தோன் எழுந்தாரு. அவரு கவுன்சில்ல வாயத் திறந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. 'நானும் எவ்வளவோ தூண் முன்னாடி கொடி புடிச்சு நின்னுருக்கேன், மேயருங்க தாளப் பாத்துப் படிக்கறதக் கேட்டுருக்கேன். ஒரு ஸ்ட்ராபெர்ரி அழுது இப்பத்தான் பாத்தேன். எனக்கு அந்த ஊரு போதும்'னாரு."

நான் குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா ஒரு நிபந்தனை," என்றான். "குழுவுல நீ இருக்கக் கூடாதாம். 'அந்த பிஸ்மார்க் வேணாம்'னு மேயரம்மா சொல்லிட்டாங்க. சரின்னுட்டேன்."

"நியாயம்தானே," என்றேன். நியாயம்தான். ஆனாலும் அவன் வாயாலேயே வந்ததே!

"அப்புறம், விசாரிக்காம ஊரையே பஸ்ல ஏத்தினவன் யாருன்னு கேட்டாங்க. நான்தான்னேன். என்னையும் தூக்கிட்டாங்க."

நுரை கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. ஹில்ட்ரூட் சொன்ன அந்த மூன்று வார்த்தையைச் சொல்லப் போனேன். அதற்குக்கூட அவன் இடம் கொடுக்கவில்லை.

"இனி நீயும் யாரும் இல்ல, நானும் யாரும் இல்ல," என்றான் ஆர்மான். "மே மாசம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? எப்ப வர்றே?"